குளச்சலில் தோற்ற கம்பெனி

1741 ஆகஸ்டில் குளச்சலில் துப்பாக்கிகளைக் கீழே வைத்துச் சரணடைந்தவர்களை ஒரு நாட்டின் படைவீரர்கள் என்றே பள்ளிக்கூடத்தில் படித்தோம். டச்சுக்காரர் தோற்றார்கள், திருவிதாங்கூர் வென்றது, ஓர் ஆசிய அரசன் ஓர் ஐரோப்பிய வல்லரசை மண்டியிட வைத்தான் என்று பாடம் முடியும். உண்மையில் அன்று தோற்றது ஒரு கம்பெனி. 1602-இல் ஆம்ஸ்டர்டாம் முதலான ஊர்களில் பங்குகள் விற்றுப் பணம் திரட்டித் தொடங்கப்பட்ட ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அது. வியாபாரம் செய்வதற்கான உரிமையோடு கோட்டை கட்டவும், படை வைத்துக்கொள்ளவும், அந்நிய அரசர்களோடு போரிடவும், உடன்படிக்கை செய்யவும் அதன் பட்டயம் உரிமை தந்திருந்தது. குளச்சலுக்கு வந்த வீரர்கள் அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர்கள். அவர்கள் வந்தது மிளகுக்காக.

கேரளத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பொழியூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கடலோரமாகவே தெற்கே போனால் குளச்சல் அதிகத் தொலைவில்லை. இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, அந்தப் பக்கம் விளவங்கோடு என்று 1956 நவம்பர் 1-ஆம் தேதி பிரித்தார்கள். அதற்கு முன் நெடுங்காலம் இரண்டும் ஒரே திருவிதாங்கூர்தான். குளச்சலில் வென்ற திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா, தம்மை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பி ஓடி ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அவர் வென்ற போர்க்களம் குளச்சலில், அவர் அரண்மனை பத்மநாபபுரத்தில், அவர் பிடித்த கைதியின் கல்லறை உதயகிரிக் கோட்டையில். அந்த அரசனின் வாழ்க்கை இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடப்பதால், அவரைப் பற்றி யார் எங்கே என்ன பேசினாலும் எங்களுக்கு அது சொந்த ஊர்ப் பேச்சாகவே கேட்கிறது.

இப்போது அவரைப் பற்றிய பேச்சு புதிய இடங்களில் கேட்கிறது. நகரத்து ஹோட்டல் அரங்குகளில் நிறுவன மேலாளர்களுக்கு நடத்தப்படும் தலைமைப் பயிற்சிகளில் சீனத்துச் சுன் சூவும் சாணக்கியர் எனப்படும் மகதத்துக் கௌடில்யரும் நெடுங்காலமாகவே பேசப்படுகிறார்கள். 1987-இல் வெளிவந்த வால் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கப் படத்தில் பங்குச் சந்தைச் சூதாடி ஒருவன் சுன் சூவை மேற்கோள் காட்டுவான். அந்தப் பாத்திரத்தை வில்லனாகத்தான் எழுதினார்கள். ஆனாலும் அவன் படித்த புத்தகம் மேலாளர்களின் மேசைக்கு வந்துவிட்டது. 2010-இல் ராதாகிருஷ்ணன் பிள்ளை எழுதிய கார்ப்பரேட் சாணக்கியா இந்தியாவில் பரவலாக விற்றது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்களும் தமிழ்ப் பயிற்சியாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. நம் பக்கத்துப் பேச்சாளர்களுக்குக் குளச்சல் போதுமானதாக இருக்கிறது. சிறிய போட்டியாளன் பெரிய போட்டியாளனை வென்ற கதை. உள்ளூர் நிலத்தை அறிந்தவன் வெளியூர்க்காரனைச் சிக்கவைத்த கதை. பனைமரங்களை வெட்டி மாட்டுவண்டிகளில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினார்கள், மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றதைப் பார்த்துக் கப்பல்காரர்கள் பெரும்படை என்று நினைத்தார்கள் என்று கடற்கரையில் வழங்கும் கதையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

பழைய போர் நூல்களைப் படிப்பதில் குறை ஏதுமில்லை. மனிதர்கள் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் குறைவு. கவலை வேறு. அந்த நூல்களிலிருந்து எதை எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதைப் பார்த்தால், நாம் தேடிப் போனது அறிவா அல்லது அனுமதியா என்ற கேள்வி எழுகிறது. வியாபாரம் ஒரு போர் என்று ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து, அடுத்த தெருக் கடைக்காரன் எதிரியாகிறான், மாதக் கடைசிக்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய பையன் சிப்பாயாகிறான், அடிபடுகிறவர்களெல்லாம் தவிர்க்க முடியாத சேதமாகிறார்கள். போர்க்காலத்தில் சாதாரண நாளின் மரியாதைகளை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த விலக்கு இப்போது சாதாரண நாட்களுக்கும் கேட்கப்படுகிறது.

சுன் சூவின் பதின்மூன்று அதிகாரங்களில் ஒற்றர்களைப் பற்றியது கடைசி. தகவல் சேகரிப்பதன் அருமைக்கு உதாரணமாக அதைக் காட்டுவார்கள். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு லட்சம் பேர் கொண்ட படை தொலைதூரம் கிளம்பினால், ஏழு லட்சம் குடும்பங்களின் உழைப்பு தடைப்படும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் ஒற்றனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். வீட்டில் வண்டி இழுக்க ஆளில்லாமல், வயலில் இறங்க ஆளில்லாமல் போகும் குடும்பங்கள் அவை. போருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். நீண்ட போரால் எந்த நாடும் நன்மை அடைந்ததில்லை என்று தொடக்க அதிகாரங்களிலேயே அவர் எச்சரித்துவிட்டார். படைவீரர்களின் நலனைக் கவனி, அவர்களை அளவுக்கு மீறிக் களைப்படையச் செய்யாதே என்பதும் அவர் சொன்னதுதான். நம் நாட்டில் 2023-இல் புகழ்பெற்ற தொழிலதிபர் ஒருவர் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் தலைவர் அதை 90 மணி நேரமாக்கி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆளைக் கொல்லும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், இந்த விஷயத்தில் அவர்களைவிட இரக்கம் உள்ளவராக இருந்திருக்கிறார்.

கௌடில்யர் விஷயத்தில் இந்த விடுபடல் இன்னும் பெரியது. அவருடைய அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் பெயராக மட்டுமே இருந்து, 1905-இல் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஓலைச்சுவடி மூலம் மைசூரில் ஆர். சாமசாஸ்திரிக்குக் கிடைத்து, 1909-இல் அச்சேறியது. திருவனந்தபுரத்தில் டி. கணபதி சாஸ்திரி 1920-களில் தமது உரையோடு அதைப் பதிப்பித்தார். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டிலேயே, கேரளத்தில் பாஷா கௌடலீயம் என்ற உரை எழுதப்பட்டிருந்தது. ஆகவே இந்த நூல் நம் பக்கத்துக்குப் புதிதாக வந்த சரக்கு இல்லை. இதில் பதினைந்து அதிகரணங்கள். நான்காவது, முள்ளை அகற்றுவது பற்றியது. மக்களை வணிகர்களிடமிருந்து காப்பது எப்படி என்ற பகுதி அங்கேதான் வருகிறது. உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து, வெளிநாட்டுச் சரக்குக்குப் பத்து, அதற்கு மேல் லாபம் வைக்கிறவனுக்குத் தண்டனை என்று அவர் வரையறுக்கிறார். கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுகிறவர்களுக்கும் தண்டனை உண்டு. வணிகத் தலைவர்களுக்கு வழிகாட்டியாக இன்று வைக்கப்படும் அந்த ஆசிரியர், வணிகனை நாட்டின் முட்களில் ஒன்றாகத்தான் வைத்துப் பார்த்தார்.

ஐந்தாவது அதிகரணத்தில் ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது. சேனாபதிக்கு 48,000 பணம், பயிற்சி பெற்ற காலாளுக்கு 500 பணம். இடைவெளி பெரிதுதான். கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஆனால் அதே இடத்தில், பணியில் இருக்கும்போது இறந்தவனின் மனைவி மக்களுக்கு உணவும் ஊதியமும் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பதின்மூன்றாவது, கோட்டைகளைப் பிடிப்பது பற்றியது. வஞ்சகம், விஷம், பொய் வேஷம் எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது மனம் கூசும். அந்த அதிகரணம் முடிகிற இடத்தில், வென்ற நாட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்கிறார். தோற்றவர்களின் உடையை, மொழியை, வழக்கத்தை நீயும் ஏற்றுக்கொள், அவர்களுடைய திருவிழாக்களை மதி, வரியைத் தள்ளுபடி செய், சிறையில் இருப்போரை விடுதலை செய் என்கிறார். இது கருணையால் சொன்னதா, கணக்கால் சொன்னதா என்று நாம் வாதாடலாம். எப்படியானாலும் தோற்றவன் என்ன ஆனான் என்ற கேள்வி அவர் கணக்கில் இருந்தது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கி, வாங்கிய மறு மாதமே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவதைச் சாணக்கியத்தனம் என்று பாராட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வரை புரட்டவில்லை.

மார்த்தாண்ட வர்மாவிடம் திரும்பி வருவோம். முற்றுகைக்குள் இருந்த டச்சுக்காரர்களின் வெடிமருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்து, அரிசிக் கையிருப்பு எரிந்துபோனது. பசிதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. சரணடைந்தவர்களில் ஒருவர் எஸ்டாக்கியஸ் டி லனாய். அவரைக் கொல்லாமல், அவமானப்படுத்தாமல், தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார் அரசர். டி லனாய் வலிய கப்பித்தானாக, அதாவது படைத்தலைவராக உயர்ந்து, 1777-இல் இறக்கும் வரை திருவிதாங்கூருக்காகவே உழைத்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். எதிரியின் திறமையை அடையாளம் கண்டு தன்னவனாக்கிக்கொண்டது மெய்யாகவே பெரிய காரியம். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது அரங்கம் கைதட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டி லனாயின் நட்பில் 1745-இல் கிறிஸ்தவரானார். சில ஆண்டுச் சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் அவர்தான். இந்தக் கடற்கரை ஊர்களில் அவர் படம் இல்லாத வீடுகள் குறைவு. கைதியாக வந்த அந்நியனை உயர்த்திய அதே ஆட்சி, தனக்குள்ளேயே இருந்த ஓர் அதிகாரியின் மனசாட்சியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தத் தலைமை எப்படிப்பட்டது என்பது தெரியும். வகுப்பறைக்கு ஒன்று மட்டும் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் இதை உரக்கப் பேசுவதில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமாரை ஒழித்த பிறகு, அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களுக்கு அடிமைகளாக விற்றார்கள் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் குறிக்கின்றன. 1878-இல் வெளிவந்த பி. சங்குண்ணி மேனனின் நூலிலும் இது உண்டு. துறையேற்றுதல் என்று அதற்குப் பெயர். எதிரி மீண்டும் தலையெடுக்காமல் இருக்க வேர் வரை போக வேண்டும் என்ற போர்த்தந்திரத்தின்படி பார்த்தால் அது குறையில்லாத ஏற்பாடு. அந்தத் துறையில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை எப்படிப் படிப்பது? ஒரு குலத்தின் பெண்களுக்கு மரணத்தைவிடக் கொடிய தண்டனையாக எது தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அது எங்கள் அன்றாட வாழ்க்கை. எங்கள் குடிசை, எங்கள் வலை, எங்கள் மீன் நாற்றம். குளச்சல் போருக்கு முன்பு இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் படையெடுப்பதாக மிரட்டியபோது, தாமும் தம் மீனவர்களைத் தோணிகளில் ஏற்றி ஐரோப்பா மீது படையெடுக்க எண்ணியிருப்பதாக அரசர் பதில் சொன்னாராம். அந்தப் பதிலின் துணிச்சலை எல்லாரும் ரசிக்கிறோம். அந்தக் கேலியில் தோணியும் மீனவனும் எந்த இடத்தில் வைக்கப்பட்டார்கள் என்பதையும் ரசித்தபடியே கடந்துவிடுகிறோம்.

வெற்றிக்குப் பிறகு வியாபாரத்தில் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. 1743-இல் மிளகு வியாபாரம் அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. விளைவித்தவன் அரசின் பண்டகசாலைக்கு அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் விற்றால் குற்றம். அதைக் கவனிக்க முளகுமடிச்சீலை என்று ஒரு துறையே இருந்தது. அந்த லாபத்தில் படை வளர்ந்தது, கோட்டை வளர்ந்தது, நாடு வடக்கே விரிந்தது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், தோற்ற கம்பெனியும் வென்ற அரசரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அரசரின் விரிவாக்கத்தில் கம்பெனி தலையிடாது, அவருக்கு ஆயுதங்கள் விற்கும். அரசர் கம்பெனிக்கு ஒப்பந்த விலையில் மிளகு தருவார். போரில் எதிரெதிரே நின்ற இருவரும் பன்னிரண்டு ஆண்டுகளில் வியாபாரப் பங்காளிகளாகிவிட்டார்கள். வாங்குவதற்கு ஒரே ஆள் என்று டச்சுக்காரர் விரும்பிய ஏற்பாட்டை, அவர்களைத் தோற்கடித்தவரே செய்து முடித்தார். மிளகுக்கொடி வைத்திருந்த குடியானவன் இந்தப் போரில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதன் செலவு அவனிடமிருந்து வசூலிக்கப்பட்டது.

போர் உவமை மறைப்பது இந்த மூன்றாவது ஆளைத்தான். போரில் இரண்டு பக்கம் உண்டு, வென்றவன் உண்டு, தோற்றவன் உண்டு. வியாபாரத்தில் இவர்களைத் தவிர மற்ற எல்லாருமே முக்கியமானவர்கள். வாங்குகிறவன், விளைவிக்கிறவன், கணக்கெழுதுகிறவன், கடன் தந்தவன், பக்கத்து நிலத்துக்காரன். எங்கள் கரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கடலரிப்பைத் தடுக்க எல்லைக்கு அப்பால் நீரோடிப் பக்கம் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அங்கே கரை நின்றது. அதற்குப் பிறகு பொழியூர்க் கரையில் கடல் கூடுதலாக ஏறி வீடுகளைத் தின்கிறது என்பது எங்கள் ஊராரின் நெடுநாள் புகார். நீரோடிக்காரர் எங்களுக்கு எதிரிகள் அல்லர். அவர்கள் தம் வீட்டைக் காத்துக்கொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகள் அந்தப் பக்கமும் இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் தம் எல்லைக்குள் வென்றதன் விலையை அடுத்தவர் கொடுக்கிறார்.

வள்ளுவர் படையைப் பற்றியும், வலிமையையும் காலத்தையும் இடத்தையும் அறிவது பற்றியும் பொருட்பாலில் எழுதினார். வணிகனுக்கு அவர் சொன்ன அறிவுரை அங்கே இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக இருக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்பது அதன் கருத்து. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது அவர்களுடைய வெற்றியைச் சொல்லவில்லை. வாங்குவதில் மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதில் குறைக்காமலும் இருந்ததைச் சொல்கிறது. போர்க்களத்தை அணு அணுவாகப் பாடிய மக்கள், கடைத்தெருவுக்கு வரும்போது வேறு அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள் என்பதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடலில் தலைமை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வள்ளங்களில் எண்ணெய்ச் செலவும் ஏலம் போட்டவரின் கழிவும் போக மிஞ்சுவது பங்காகப் பிரிகிறது. வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் பங்கு, ஏறிய ஒவ்வொருவருக்கும் பங்கு. மீன் கிடைக்காத நாளில் உடைமைக்காரனுக்கும் ஒன்றுமில்லை. இதை நான் பொற்காலமாகச் சித்திரிக்கவில்லை. தரகர் கடனில் முழுகிய குடும்பங்களை இந்தக் கரையில் எல்லாரும் அறிவோம். அந்தக் கடனிலிருந்து மீளத்தான் மரியநாட்டு மீனவர்கள் தாமே விற்கும் சங்கம் வைத்தார்கள், அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. போட்டி கடலிலும் உண்டு. ஆனால் எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை, அது யாருடையதானாலும், கட்டி இழுத்துக்கொண்டுதான் கரைக்கு வருவார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் பூந்துறையும் விழிஞ்ஞமும் தூத்தூரும் வள்ளவிளையும் ஆட்களை இழந்தபோது, தேடுவதற்கு முதலில் இறங்கியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள்.

மறு வருடம் ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. இந்தக் கரையின் வள்ளங்கள் லாரிகளில் ஏறிச் செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போயின. அரசின் கணக்குப்படி 669 வள்ளங்கள், சுமார் 65,000 பேர் காப்பாற்றப்பட்டார்கள். இவர்கள் கேரளத்தின் சொந்தப் படை என்றார் முதலமைச்சர். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு எங்களுக்குப் பெருமைதான். இருந்தாலும் உயிர் கொடுக்கப் போனவர்களை உயர்த்திச் சொல்வதற்குப் படை என்பதைத் தவிர வேறு மரியாதை நம்மிடம் இல்லாமல் போனது வருத்தமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022-இல், விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தால் கரை அரிக்கிறது என்று இதே மக்கள் போராடினார்கள். அரசும் துறைமுக நிறுவனமும் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நவம்பரில் காவல் நிலையம் தாக்கப்பட்டது, அது தவறு. அதைத் தொடர்ந்து மூவாயிரம் பேர் மீது வழக்குப் பதிவானது. சொந்தப் படையாக இருந்தவர்கள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களானார்கள். ஆட்களைப் படையாகவும் தடையாகவும் மட்டும் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அவர்கள் நடுவில் அண்டைவீட்டுக்காரர்களாக இருந்த நாட்கள் தெரிவதில்லை.

அந்த டச்சுக் கம்பெனி பிறகு கடனில் மூழ்கி, 1799 டிசம்பர் 31-ஆம் தேதி கலைக்கப்பட்டது. சொந்தப் படையும் கோட்டைகளும் வைத்திருந்த நிறுவனம் அது. போர்த்தந்திரம் தெரியாததால் அது அழிந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பாறசாலையிலிருந்தும் பூவாரிலிருந்தும் பொழியூரிலிருந்தும் படித்து முடித்த பிள்ளைகள் நகரங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் ஒரு நாள் இந்த வகுப்புகளில் உட்காருவார்கள், சிலர் பத்துப் பேரை நிர்வகிக்கும் இடத்துக்கு வருவார்கள். வகுப்பு நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சுன் சூவைச் சொல்லித்தரும்போது அந்த ஏழு லட்சம் குடும்பங்களையும் சொல்லிக்கொடுங்கள். கௌடில்யரின் நான்காவது அதிகரணத்திலிருந்து லாபத்தின் வரம்பையும், ஐந்தாவதிலிருந்து இறந்தவன் வீட்டுக்குப் போக வேண்டிய ஊதியத்தையும், பதின்மூன்றாவதின் முடிவிலிருந்து தோற்றவர்களை நடத்த வேண்டிய முறையையும் பாடத்தில் சேருங்கள். குளச்சலைச் சொன்னால் 1743-ஆம் ஆண்டு மிளகின் விலையை யார் நிர்ணயித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.